கோஹா நூலக மென்பொருள்: ஓர் ஊர் நூலகத்திலிருந்து ஒரு மதிப்பீடு

ஒரு நூலகத்தின் அன்றாடப் பணிகள் அனைத்தையும் ஒரே தரவுத்தளத்தின் மேல் நடத்த உதவும் மென்பொருள் கோஹா. நூல்களைப் பட்டியலிடுதல், உறுப்பினர் பதிவு, இரவல் வழங்குதலும் திரும்பப் பெறுதலும், இதழ்ச் சந்தா, நூல் கொள்முதல், ஆண்டு இருப்புச் சரிபார்ப்பு ஆகிய யாவும் அதனுள் அடங்கும். இணைய உலாவி வழியாகவே இயங்குவதால் வழங்கு மேசையில் உள்ள கணினியில் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை. குனு பொது உரிமத்தின் கீழ் வெளிவரும் கட்டற்ற மென்பொருள் என்பதால் எவரும் விலையின்றிப் பெறலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கு வழங்கலாம். நம் நாட்டில் கல்லூரிகளும் பல்கலைக்கழகங்களும் இதைப் பரவலாகப் பயன்படுத்துகின்றன. அங்கே நூலக அறிவியல் படித்த ஊழியர்கள் இருக்கிறார்கள், சிக்கல் வந்தால் கூப்பிடுவதற்குக் கணினித் துறையும் இருக்கிறது. நான் பார்க்க விரும்புவது வேறோர் இடத்திலிருந்து. உறுப்பினர் சந்தாவிலும் ஊர்க்காரர் நன்கொடையிலும் நடப்பதும், ஒரேயொரு முழுநேர ஊழியரைக் கொண்டதும், பத்தாயிரத்துக்குச் சற்றுக் குறைவான நூல்களை உடையதுமான எங்கள் சங்க நூலகம் போன்ற அமைப்புக்கு இது பொருந்துமா என்பதே கேள்வி. நிர்வாகக் குழுவில் பட்டியல் வேலையைக் கவனிப்பவன் என்ற முறையில் சில ஆண்டுகளாக இதனோடு பழகி வருகிறேன்.

இந்த மென்பொருள் பிறந்ததும் அத்தகைய ஓர் இடத்தில்தான். நியூசிலாந்தின் வடக்குத் தீவில், தலைநகர் வெலிங்டனுக்கு வடக்கே, ஹோரோஃபெனுவா என்றொரு சிறிய மாவட்டம் உள்ளது. லெவின் என்னும் ஊரைத் தலைமையிடமாகக் கொண்ட நூலக அறக்கட்டளை ஒன்று அங்கே பொதுநூலகங்களை நடத்தி வந்தது. அவர்கள் பயன்படுத்திய பழைய மென்பொருள் 2000ஆம் ஆண்டின் தேதிகளைக் கையாளாது என்ற நிலை 1999இல் ஏற்பட்டது. பெரிய நூலகங்களுக்கென்று செய்யப்பட்ட வணிக மென்பொருள்களை வாங்குவதற்குப் பதிலாக, வெலிங்டனில் இருந்த கட்டிப்போ என்ற சிறு நிறுவனத்திடம் தமக்கென ஒன்றை எழுதித் தருமாறு அறக்கட்டளை கேட்டது. 2000 ஜனவரியின் தொடக்கத்திலேயே அது லெவினில் இயங்கத் தொடங்கியது. அதே ஆண்டில் மூல நிரலும் உலகுக்குத் திறந்துவிடப்பட்டது. இதில் தாராள மனம் இருந்தது உண்மை. ஆனால் அதைவிட முன்யோசனை அதிகம் இருந்தது என்பது என் கணிப்பு. ஒரே நிறுவனம் ஒரே வாடிக்கையாளருக்காக எழுதிய மென்பொருள், அந்த நிறுவனம் மூடப்படும் நாளில் அனாதையாகிவிடும். பல நூலகங்கள் கையாளும் மென்பொருளை யாராவது ஒருவர் தொடர்ந்து பேணுவார்.

பின்னர் நடந்ததும் அந்தக் கணக்கைப் பொய்யாக்கவில்லை. தொடக்கக் காலக் கோஹாவில் நூலக உலகின் பொதுப் பதிவு வடிவமான மார்க் முறைக்கு இடமில்லை. அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஏதன்ஸ் மாவட்டத்துப் பொதுநூலகம் அந்தக் குறையைத் தீர்க்கப் பணம் கொடுத்தது; மார்செய் நகரத்து நிரலாளர் போல் பூலெய்ன் அதற்காகப் பெரிதும் உழைத்தார். அன்று அந்த நூலகம் தன் தேவைக்குச் செலவழித்த பணத்தின் பயனை இன்று உலகின் பல நூலகங்களும் பெறுகின்றன, எங்கள் ஊரின் வாசகரும் பெறுகிறார். உள்ளூர் அமைப்புகளுக்குக் கட்டற்ற மென்பொருளால் என்ன லாபம் என்ற கேள்விக்கு உரிமக் கட்டணம் மிச்சமாகிறது என்றே பெரும்பாலோர் விடை சொல்கிறார்கள். அது சிறிய லாபம். யாரோ ஒருவர் ஒருமுறை செலவு செய்த வேலை மறுபடி மறுபடி விற்கப்படாமல் எல்லாருக்கும் வந்து சேர்வதும், வந்து சேர்ந்ததை எவரும் திரும்பப் பறித்துக்கொள்ள இயலாததும்தான் பெரிய லாபம்.

எங்கள் நூலகத்தில் இதற்கு முன் இருந்தது உள்ளூர்க் கணினி நிறுவனம் ஒன்று விற்ற சிறிய மென்பொருள். அது ஒரே கணினியில் ஓடியது. திரையில் பார்த்ததை அச்சிடலாமே தவிர, பட்டியல் முழுவதையும் வேறு வடிவில் வெளியே எடுக்க வழியில்லை. விற்றவர்கள் தொழிலை விட்டுவிட்ட பிறகு, விண்டோஸின் புதிய பதிப்பில் அது திறக்க மறுத்தது. தரவுத்தளக் கோப்பை ஒரு நண்பர் எப்படியோ உடைத்துத் திறந்து தந்தார். உள்ளே இருந்த தமிழ், பாமினி போன்ற பழைய எழுத்துரு ஒன்றுக்குரிய குறிகளாக இருந்ததே தவிர ஒருங்குறியாக (யூனிகோடாக) இல்லை. அதை மாற்றி எடுத்தபோது பல ஒகரங்கள் கொம்பும் காலுமாகப் பிரிந்து நின்றன. பழைய பட்டியலோடு புதிய மென்பொருளுக்குப் போக நினைக்கும் எந்தத் தமிழ் நூலகத்துக்கும் இதுவே முதல் பெரிய வேலையாக இருக்கும். கோஹாவின் தரத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்றாலும், கோஹாவை நிறுவும் செலவைக் கணக்கிடும்போது இதைச் சேர்க்காமல் விடுவது தவறாகும்.

நிறுவும் வேலை, பலரும் அச்சுறுத்துகிற அளவுக்குக் கடினமானதன்று. டெபியன் அல்லது உபுண்டு இயங்குதளத்துக்குக் கோஹா குழுவினரே ஆயத்தப் பொதிகளை வெளியிடுகிறார்கள்; கட்டளை வரிக்கு அஞ்சாத ஒருவர் ஆவணத்தைப் பார்த்து ஒரு மாலைப்பொழுதில் நிறுவிவிடலாம். எங்களுக்கு 4 ஜிபி நினைவகம் கொண்ட, ஓர் அலுவலகம் கழித்துவிட்ட மேசைக் கணினியே வழங்கியாக (சர்வராக) போதுமானதாக இருக்கிறது. கடினம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கோஹாவின் அமைப்புகள் பக்கத்தில் நூற்றுக்கணக்கான விருப்பத் தெரிவுகள் உள்ளன. உறுப்பினர் வகை, நூல் வகை, ஒவ்வொன்றுக்கும் இரவல் நாள், தாமதக் கட்டணம், புதுப்பிக்கும் எண்ணிக்கை என்று வழங்கல் விதிகளை ஓர் அட்டவணையாக நிரப்பும் வரை ஒரு நூலைக்கூட ஒழுங்காக வழங்க முடியாது. நிர்வாகக் குழு இதுவரை வாய்மொழியாகவே நடத்திவந்த விதிகளை உட்கார்ந்து எழுதியே ஆக வேண்டும் என்ற நிர்ப்பந்தத்தை இது உண்டாக்கியது. செயலாளருக்கு வேண்டியவர் என்பதற்காக ஐந்து நூல்களை ஆறு மாதம் வைத்துக்கொண்டிருப்பவருக்கு அந்த அட்டவணையில் தனிக்கட்டம் கிடையாது.

இனிப் பட்டியலாக்கம். தமிழ் நூலகத்தின் பார்வையில் கோஹாவை மதிப்பிடுவதென்றால் இந்தப் பகுதியில்தான் நிற்க வேண்டும். ஆங்கில நூல் ஒன்றின் ஐஎஸ்பிஎன் எண்ணை இட்டால், நூலகங்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் இசட் 39.50 என்னும் நெறிமுறை வழியாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் முதலான இடங்களிலிருந்து முழுப் பதிவையும் கோஹா கொண்டுவந்து சேர்த்துவிடும். தட்டச்சு வேலையே இல்லை. தமிழ் நூல்களுக்கு அந்தச் சுகம் பெரும்பாலும் கிட்டாது. காங்கிரஸ் நூலகம் தமிழ் நூல்களை ஏராளமாகச் சேகரிக்கிறது என்றாலும், அதன் பதிவுகளில் பெரும்பாலானவற்றில் தலைப்பும் ஆசிரியர் பெயரும் மேற்கோடும் கீழ்ப்புள்ளியும் இட்ட ரோமன் எழுத்திலேயே இருக்கும். அவற்றை இறக்கி வைத்தால் நம் வாசகர் எவருக்கும் பயன்படாது. பழைய பதிப்புகளிலும் சிறு பதிப்பகங்களின் வெளியீடுகளிலும் ஐஎஸ்பிஎன் எண்ணே இருப்பதில்லை. ஆகவே தமிழ்ப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்ய நேர்கிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் கோஹாவை வைத்திருக்கும் நூலகங்கள் தத்தம் தமிழ்ப் பதிவுகளை இதே நெறிமுறையில் திறந்து வைத்தால் ஒரே நூலை ஊருக்கு ஊர் தட்டச்சு செய்யும் வீண்வேலை நின்றுவிடும். மென்பொருள் அதற்கு ஆயத்தமாகவே இருக்கிறது, ஏற்பாடு செய்ய ஆள் இல்லை.

தேடுதலில் கவனிக்க வேண்டியது இரண்டு. முதலாவது, கோஹாவோடு வரும் ஸீப்ரா தேடுபொறியின் இயல்பான அமைப்பு லத்தீன் எழுத்துகளை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டது. அதை ஐசியு என்ற ஒருங்குறி முறைக்கு மாற்றி, தேடல் அட்டவணை முழுவதையும் மறுபடி உருவாக்கினாலன்றித் தமிழில் தேடினால் சரியான விடை வராது. ஆவணத்தில் இது சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் தேடுகிறவருக்கே கிடைக்கும் இடத்தில். முதன்முறை நிறுவுகிறவர் கோஹாவுக்குத் தமிழே தெரியாது என்று முடிவுகட்டிவிட வாய்ப்புண்டு. இரண்டாவது, எந்த அமைப்பாலும் முழுமையாகத் தீராதது. சந்தியால் ஒற்று மிகும்போது ‘தமிழ்’ என்ற சொல் ‘தமிழ்ப்’ என்று நிற்கிறது. கணினிக்கு இவ்விரண்டும் வேறு வேறு சொற்கள். சொல்லின் தொடக்கம் ஒத்துப்போனால் போதும் என்ற தெரிவை இயக்கிவிட்டால் இது சரியாகிவிடும். ஆனால் ‘மரம்’ என்று தேடுபவருக்கு ‘மரத்தின்’ என்று தொடங்கும் தலைப்பு அப்போதும் அகப்படாது. ஆகவே ‘மர’ வரை மட்டும் தட்டிப் பாருங்கள் என்று வாசகருக்குச் சொல்லிக் கொடுத்துவருகிறோம். ஆங்கிலத்தின் வேர்ச்சொல் வடிவங்களுக்கு இருக்கும் வசதி தமிழுக்கும் வேண்டுமென்றால் அதைத் தமிழ் தெரிந்த நிரலாளர்தாம் எழுதிச் சேர்க்க வேண்டும். நிரல் திறந்திருப்பதால் அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஆசிரியர் பெயர்களைக் கையாளும் விதத்தில் கோஹா என்னை மிகவும் கவர்ந்தது. தமிழில் முன்னெழுத்தும் புனைபெயரும் சேர்ந்து எந்தப் பட்டியலையும் குழப்பிவிடும். ‘கல்கி’ என்று ஒரு நூலிலும் ‘ரா. கிருஷ்ணமூர்த்தி’ என்று மற்றொன்றிலும் அச்சாகியிருக்கும். ‘புதுமைப்பித்தன்’ என்பாரைச் ‘சொ. விருத்தாசலம்’ என்று தேடுவோரும் இருப்பார்கள். கோஹாவின் அதிகாரப் பெயர்ப் பதிவில் ஒரு வடிவத்தை முதன்மையாக்கி மற்றவற்றை அதனோடு இணைத்துவிட்டால், எந்தப் பெயரில் தேடினாலும் ஒரே இடத்துக்கு வந்து சேரலாம். இந்த வசதி சிறிய மென்பொருள்களில் அரிது. இதற்குத் தேவைப்படும் பொறுமையும் கொஞ்சநஞ்சமன்று. பகுப்பெண்ணிலும் இதே நிலை: நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டுப் பிரிக்கும் தியூயி முறையில் தமிழ் இலக்கியம் முழுவதும் 894.811 என்ற எண்ணின் கீழ் வந்து குவிவதால், எங்கள் அலமாரிகளில் பாதி அந்த ஓர் எண்ணையே சுமக்கின்றன. இது கோஹாவின் குற்றம் அன்று. உள்ளூர்த் துணைக்குறிகளைச் சேர்த்துக்கொள்ள அது இடம் தருகிறது.

வழங்கு மேசையில் அன்றாடம் நடப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, நன்றாகவே நடக்கிறது. உறுப்பினர் அட்டையின் பார்கோடு, நூலின் பார்கோடு, இரண்டையும் காட்டினால் வழங்கல் முடிந்தது. பார்கோடு ஒட்டுத்தாள்களையும் உறுப்பினர் அட்டைகளையும் கோஹாவிலேயே வடிவமைத்து அச்சிட்டுக்கொள்ளலாம். உறுத்தும் ஒரே இடம் உறுப்பினர் படிவம். குடும்பப் பெயர் என்று தனியாக ஒன்று இருந்தே தீரும் என்று எண்ணுகிற நாடுகளில் வடிவமைக்கப்பட்டதால், அந்தக் கட்டத்தை நிரப்பாமல் படிவம் நகராது. நம்மில் பெரும்பாலோருக்குத் தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயரும்தானே உள்ளன. பெயரைக் குடும்பப் பெயர்க் கட்டத்திலும், முன்னெழுத்தை அதற்கென்று இருக்கும் வேறொரு கட்டத்திலும் இட்டுச் சமாளிக்கிறோம். எல்லாரும் ஒரே முறையைப் பின்பற்ற வேண்டும் என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்துகொள்வது நல்லது. இல்லாவிட்டால் ஒரே பெயர் இருமுறை பதிவாகும்.

வாசகருக்கான இணையப் பட்டியல் எளிமையாக இருக்கிறது; கைபேசியிலும் ஒழுங்காகத் திறக்கிறது. நூல் இருக்கிறதா, வெளியே போயிருந்தால் எப்போது திரும்பும் என்பதை வீட்டிலிருந்தே பார்த்து, தமக்கென்று முன்பதிவும் செய்துகொள்ளலாம். வயதான உறுப்பினர்களுக்கு இது பயன்படாது என்று குழுவில் சிலர் எண்ணினார்கள். பேரப்பிள்ளைகளின் துணையோடு அவர்கள்தாம் முதலில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ஒருவர் எதை எதைப் படித்தார் என்ற வரலாற்றை வைத்திருக்கலாமா வேண்டாமா என்பதை உறுப்பினரே தீர்மானிக்கும் வசதியும் உண்டு. எல்லாரும் எல்லாரையும் அறிந்திருக்கும் சிற்றூரில் இது அற்பமான விஷயமன்று.

சங்கத்தின் நிர்வாகத்துக்கு நேரடியாக உதவியவை அறிக்கைகள் பகுதியும் இருப்புச் சரிபார்ப்புக் கருவியும். பதிவு பெற்ற சங்கம் என்ற முறையில் ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி வரவு செலவைக் காட்ட வேண்டும். நன்கொடையாளர்களுக்கும் கணக்குச் சொல்ல வேண்டும். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் எழுதிய வினவல்களைக் கோஹாவில் சேமித்து வைத்து வேண்டும்போது இயக்கலாம். அந்த மொழி தெரியாதவர்களுக்காகப் பல நாட்டு நூலகர்கள் எழுதிய வினவல்கள் கோஹா விக்கியில் நிரம்ப உள்ளன. எடுத்து ஒட்டிக்கொண்டால் போதும். நெடுங்காலமாக ஒருமுறைகூட வெளியே போகாத நூல்களின் பட்டியலை அவ்வாறு எடுத்தபோது, நன்கொடையாக வந்த தடித்த அறவுரைத் தொகுதிகள் வரிசையாக முன்னே வந்து நின்றன. புதிதாக வாங்குவதைப் பற்றிக் குழுவில் எழும் விவாதங்கள் அதன்பின் ஓரளவு சுருங்கின. ஆண்டு இறுதியில் அலமாரி அலமாரியாகப் பார்கோடுகளை வருடி ஒரு கோப்பாகக் கொடுத்தால், காணாமற்போனவற்றையும் இடம் மாறியவற்றையும் கோஹா சொல்லிவிடுகிறது. சேர்க்கைப் பதிவேட்டை ஒருவர் வாசிக்க மற்றொருவர் அலமாரியில் தேடும் பழைய முறையோடு ஒப்பிட்டால் இந்த ஒன்றுக்காகவே மென்பொருளை மாற்றலாம்.

குறைகளுக்கு வருகிறேன். இதழ்ச் சந்தாப் பகுதி சிறு நூலகத்துக்குப் பளு. வார இதழ் வெளியாகும் முறையை அதற்கு விளக்கி, ஒவ்வோர் இதழும் வந்ததாகக் குறிப்பதற்குள் நாளிதழ்ப் பையன் அடுத்ததைப் போட்டுவிட்டுப் போய்விடுவான். நாங்கள் அதைக் கைவிட்டு நோட்டுப் புத்தகத்துக்கே திரும்பிவிட்டோம். தாமத நினைவூட்டலை மின்னஞ்சலில் அனுப்புவது எளிது, ஆனால் எங்கள் உறுப்பினரில் மின்னஞ்சலைத் திறந்து பார்ப்பவர் குறைவு. குறுஞ்செய்தி அனுப்பக் கோஹாவில் இடமுண்டு. இந்தியாவிலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் விதிப்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்த பிறகே மொத்தக் குறுஞ்செய்தி அனுப்ப முடியும். சிறிய சங்கத்துக்கு அந்த நடைமுறை தலைவலி. ஊழியர் பயன்படுத்தும் பக்கங்களை நாங்கள் ஆங்கிலத்திலேயே வைத்திருக்கிறோம். சொற்களும் பட்டன்களும் மிகுந்த அந்தத் திரைகள், பத்தாம் வகுப்பு முடித்துவிட்டு வேலைக்கு வந்த ஒருவரை முதல் சில வாரங்கள் திணறடிக்கத்தான் செய்கின்றன. வழங்கு மேசையில் தேவைப்படாத பகுதிகளை அவரவர் கணக்கில் மறைத்துவிடும்படி ஊழியர் அனுமதிகளைச் சுருக்கி அமைத்த பிறகு திணறல் குறைந்தது.

பாதுகாப்பைப் பற்றி ஓர் எச்சரிக்கை. கோஹா ஒவ்வோர் இரவும் தரவுத்தளத்தின் நகலைத் தானே எடுத்து வைக்கிறது, ஆனால் அதே கணினியின் வட்டில்தான் வைக்கிறது; பழைய நகல்களைச் சில நாட்களில் தானே அழித்தும் விடுகிறது. வட்டு பழுதானால் நகலும் அதனோடு போய்விடும். நாள்தோறும் அதை வேறோர் இடத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்வதும், எப்போதாவது ஒருமுறை அந்த நகலிலிருந்து வேறு கணினியில் மீட்டுப் பார்ப்பதும் நிறுவுகிறவரின் பொறுப்பு. மின்தடையால் திடீரென்று அணைந்தால் தரவுத்தளம் பெரும்பாலும் தன்னைத்தானே சரிசெய்துகொள்கிறது. தேடல் அட்டவணை சில சமயம் பிசகும், அதை ஒரு கட்டளையால் மறுபடி உருவாக்கிக்கொள்ளலாம். யுபிஎஸ் இல்லாமல் வழங்கியை ஓட்டுவதை மட்டும் எண்ணிப் பார்க்கவே வேண்டாம். ஆண்டுக்கு இருமுறை, மே மாதத்திலும் நவம்பரிலும், புதிய பதிப்பு வெளியாகிறது. ஒவ்வொன்றையும் துரத்த வேண்டியதில்லை என்றாலும், பாதுகாப்புத் திருத்தங்கள் வராத அளவுக்குப் பழைய பதிப்பில் தங்கிவிடுவது உறுப்பினர்களின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தெருவில் வைப்பதாகும்.

செலவு என்று பார்த்தால் மென்பொருளுக்கு ஒரு ரூபாய்கூட இல்லை. ஆள் உழைப்புக்கு நிறைய. தரவு மாற்றத்தையும் தமிழ்த் தட்டச்சையும் தன்னார்வலர்கள் செய்யாமல் கூலிக்குக் கொடுத்திருந்தால், சாதாரண வணிக மென்பொருளின் விலையை அது தாண்டியிருக்கக்கூடும். இரண்டாயிரம் நூல்களுக்கும் குறைவாக வைத்துக்கொண்டு, கணினியில் ஆர்வமுள்ள ஒருவர்கூட இல்லாமல் நடக்கும் படிப்பகத்துக்குக் கோஹாவைப் பரிந்துரைக்க மாட்டேன்; லிப்ரெஆபீஸ் விரிதாளில் ஒழுங்கான பட்டியல் இருந்தால் அவர்களுக்கு அது போதும். அந்த விரிதாளைப் பின்னாளில் கோஹாவுக்குள் கொண்டுவரவும் முடியும்.

தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய ஈ-கிரந்தாலயா என்ற நூலக மென்பொருள் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. அரசு சார்ந்த நூலகங்களுக்கு அது கட்டணமின்றிக் கிடைக்கிறது, தரவும் அரசின் வழங்கியிலேயே இருக்கும், பராமரிப்புக் கவலை இல்லை. அத்தகைய நூலகங்களுக்கு அது நல்ல தெரிவுதான். அதன் மூல நிரல் பயனரின் கைக்கு வருவதில்லை என்பதும், தன் தேவைக்கேற்ப அதை மாற்றவோ வேறொருவரை அமர்த்தி மாற்றுவிக்கவோ இயலாது என்பதும் சங்கங்களும் அறக்கட்டளைகளும் எடைபோட வேண்டியவை. நிரல் திறந்திருப்பது நெருக்கடி வரும்போது எவ்வளவு உதவும் என்பதற்குக் கோஹாவின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. கட்டிப்போவின் கோஹா பிரிவு 2007இல் அமெரிக்க நிறுவனம் ஒன்றின் கைக்குப் போயிற்று. அதைப் பின்னர் இன்னொரு நிறுவனம் வாங்கியது. கோஹா என்ற பெயரை நியூசிலாந்திலேயே வணிகக்குறியாகப் பதிவு செய்ய அந்த நிறுவனத்திடமிருந்து முயற்சி எழுந்தபோது, 2011இல் லெவினின் சிறிய அறக்கட்டளை சட்ட உதவிக்காக உலகெங்கும் கை நீட்ட வேண்டியதாயிற்று. பெயர் வழக்கு இரண்டாண்டுகளுக்கு மேல் நீண்டு, இறுதியில் கோஹா சமூகத்தின் பக்கமே முடிந்தது. அந்தக் காலம் முழுவதும் ஒரு நூலகத்தின் வழங்கு மேசையும் அதற்காக நிற்கவில்லை; புதிய பதிப்புகளும் வழக்கம்போல் வந்துகொண்டிருந்தன. பெயரை ஒருவர் உரிமை கொண்டாட முயலலாம், உரிமத்தோடு வெளியாகிவிட்ட நிரலை எவரும் முடக்க முடியாது.

நூலகம் சார்ந்த வேறு அமைப்புகளும் இவ்வழியில் பயன் பெற்றிருக்கின்றன. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் எண்ணிம வடிவில் காத்துவரும் நூலக நிறுவனம், 2005 முதல் நடத்தும் தளத்துக்கு விக்கிப்பீடியா இயங்கும் அதே மீடியாவிக்கி மென்பொருளைப் பயன்படுத்துகிறது. பல்லூடக ஆவணங்களுக்கான அதன் ஆவணகம், ஐலண்டோரா என்ற கட்டற்ற மென்பொருளின் மேல் நிற்கிறது. பெரிய நிதி ஏதுமின்றித் தொடங்கிய ஒரு தன்னார்வ முயற்சி, உலகளாவிய காப்பகங்கள் பயன்படுத்தும் கருவிகளையே தானும் வைத்துக்கொள்ள முடிந்திருப்பது இதனால்தான். அவர்களுடைய வேலை எங்களுடையதைப் போல் பன்மடங்கு பெரிது. ஆயினும் ஆள் பற்றாக்குறை இருவருக்கும் பொது.

ஆகவே கோஹாவை எடுக்கலாமா என்பதைத் தீர்மானிக்கும் முன், யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைத் தீர்மானிக்க வேண்டும். சென்னையிலும் விழுப்புரத்திலும் புதுச்சேரியிலும் கட்டற்ற மென்பொருள் குழுக்கள் இயங்குகின்றன. கேட்டால் வழிகாட்டுகிற மாணவர்கள் அவற்றில் இருக்கிறார்கள். ஆனால் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விடும் மாணவர் ஒருவரை மட்டும் நம்பி நூலகத்தை ஒப்படைப்பது சரியாகாது. கோஹாவை நிறுவிப் பராமரிக்கும் சேவையை விற்கும் நிறுவனங்கள் நாட்டில் பல உள்ளன. அவர்களோடு ஒப்பந்தம் செய்யும்போது, வழங்கியின் நிர்வாகக் கடவுச்சொல்லின் ஒரு பிரதி சங்கத்தின் கையில் இருக்க வேண்டும், தரவுத்தள நகல் மாதந்தோறும் சங்கத்துக்கு வர வேண்டும், நிரலில் செய்யும் மாற்றம் எதுவாயினும் அதன் மூல நிரல் நம்மிடம் தரப்பட வேண்டும் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இவற்றுக்கு உடன்படாத சேவையாளரிடம் கோஹாவை வாங்கினாலும், பழைய பூட்டிய மென்பொருளில் இருந்த அதே நிலைமைதான். எங்கள் சங்கம் இப்போது பக்கத்து ஊர்ப் படிப்பகம் ஒன்றையும் அதே வழங்கியில் ஒரு கிளையாகச் சேர்ப்பது பற்றிப் பேசிவருகிறது. உறுப்பினர்களையும் நூல்களையும் கிளைவாரியாகப் பிரித்து வைக்கவும், ஒரு கிளையின் நூலை மற்றதற்கு அனுப்பவும் கோஹா இடம் தருகிறது; வழங்கி பழுதானால் செலவை யார் ஏற்பது என்பதில்தான் இரு குழுக்களுக்கும் இன்னும் உடன்பாடு ஏற்படவில்லை.